படம் கெட்டதால் பிறந்த அச்சுக்கூடம்
உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரியின் வாழ்க்கை

அது குழந்தைகளுக்காக எழுதப்பட்ட ராமாயணப் புத்தகம்.

எழுதியவர் கல்கத்தாவில் வசித்த ஒரு வங்காளி. கதைக்கு உரிய படங்களையும் அவரே வரைந்திருந்தார். ஓவியத்தில் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

புத்தகம் அச்சாகி வந்தது. படங்களைப் பார்த்து அவர் மனம் நொந்து போனார். அவர் தீட்டிய நுட்பம் எல்லாம் பாழாகி இருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் அச்சுக்கூடத்தாரோடு சண்டைக்குப் போயிருப்பார். அல்லது, நம் ஊரில் இவ்வளவுதான் முடியும் என்று பேசாமல் இருந்திருப்பார். இவரோ, படம் அச்சிடும் தொழிலைத் தாமே கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தார். கற்றார். அந்தத் தொழிலில் சீமைக்காரர்களே வியக்கும்படி உயர்ந்தார்.

அவர்தான் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி. புகழ்பெற்ற சினிமா டைரக்டர் சத்தியஜித் ராயின் பாட்டனார்.

சுவீகாரப் பிள்ளை

உபேந்திரகிஷோர் 1863-ம் ஆண்டு மே மாதம் பிறந்தார். ஊர், கிழக்கு வங்காளத்தில் மைமன்சிங் ஜில்லாவைச் சேர்ந்த மசுவா என்ற கிராமம். இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் காமதாரஞ்சன். தகப்பனார் காளிநாத் ராய் பெரிய படிப்பாளி. சமஸ்கிருதம், அரபி, பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் வல்லவர்.

அந்தக் குடும்பத்துக்கு உறவினர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹரிகிஷோர் ராய் சவுத்ரி. ஜமீன்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. காமதாரஞ்சனுக்குச் சுமார் 5 வயது இருக்கும்போது, அவர் அந்தச் சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். தம் பெயரை ஒட்டி உபேந்திரகிஷோர் என்று புதுப் பெயர் சூட்டினார்.

பள்ளிக்கூடத்தில் உபேந்திரகிஷோர் கெட்டிக்காரப் பையன். ஆனாலும் பாடத்தைவிட சங்கீதத்திலும் சித்திரத்திலும்தான் அவருக்கு ஆசை அதிகம்.

அந்நாளில் வங்காளத்தின் லெப்டினென்ட் கவர்னராக இருந்தவர் ஆஷ்லி ஈடன். அவர் ஒரு முறை அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தாராம். எல்லாப் பையன்களும் அவரையே பார்த்துக்கொண்டு இருக்க, ஒரு பையன் மட்டும் குனிந்து எதையோ கிறுக்கிக்கொண்டு இருந்தானாம். கவர்னர் அருகே போய் நோட்டை வாங்கிப் பார்த்தால், அதில் அவருடைய உருவமே இருந்ததாம். சித்திரம் எழுதுவதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது என்று அவர் பையனைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

1880-ம் ஆண்டு உபேந்திரகிஷோர் நுழைவுத் தேர்வில் உபகாரச் சம்பளத்தோடு தேறினார். மேல்படிப்புக்குக் கல்கத்தா போனார். முதலில் பிரசிடென்சி கல்லூரி. பிறகு மெட்ரோபாலிடன் கல்லூரி. 1884-ம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார்.

கல்கத்தாவில் அவர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். உருவ வழிபாடு கூடாது, சாதி வேற்றுமை கூடாது, பெண்களைப் படிக்க வைக்க வேண்டும் என்பவை அந்தச் சமாஜத்தின் கொள்கைகள். ஆசாரமான ஜமீன்தார் குடும்பத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் உபேந்திரகிஷோர் தம் கொள்கையை விடவில்லை.

பெண் கல்விக்காகப் பாடுபட்ட துவாரகாநாத் கங்குலியின் மகள் விதுமுகியை அவர் மணந்தார். இந்தியாவின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரான காதம்பினி கங்குலி, துவாரகாநாத்தின் இரண்டாவது மனைவி ஆவார். உபேந்திரகிஷோர் - விதுமுகி தம்பதிக்கு ஆண் குழந்தைகள் 3, பெண் குழந்தைகள் 3.

குழந்தைகளுக்காக எழுதினார்

உபேந்திரகிஷோருக்குப் பல கலைகள் தெரியும். வயலின் வாசிப்பார். பக்கவாஜ் என்னும் மத்தளம் வாசிப்பார். பாட்டுக் கட்டுவார். வண்ணத்தில் சித்திரம் தீட்டுவார். புகைப்படம் எடுப்பார்.

ஆனால் அவர் மனம் முழுவதும் குழந்தைகளிடமே இருந்தது. மாணவராக இருக்கும்போதே குழந்தைப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கிவிட்டார்.

ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் சிறுவர்கள் தாமே படிக்கும்படி எளிய நடையில் எழுதினார். ஓசூர் வட்டாரத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, இந்த இரண்டு காவியங்களையும் பிற்காலத்தில் எளிய தமிழில் எழுதினார் அல்லவா? வங்காளத்துக் குழந்தைகளுக்கு அதே போன்ற தொண்டை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே செய்தவர் உபேந்திரகிஷோர்.

ராமாயணப் புத்தகத்தில் படங்கள் கெட்டுப்போனது இந்தச் சமயத்தில்தான்.

மரக்கட்டையில் வந்த வினை

படங்கள் ஏன் கெட்டன?

அந்நாளில் ஒரு படத்தைப் புத்தகத்தில் அச்சிட வேண்டுமானால், அதை முதலில் மரக்கட்டையில் செதுக்க வேண்டும். ஓவியர் ஒருவர், செதுக்குகிறவர் வேறு ஒருவர். செதுக்குகிறவரின் கை எப்படிப் போகிறதோ அப்படித்தான் படம் வரும். ஓவியர் மெல்லிய நிழலாகத் தீட்டியதை உளி வெறும் கோடாக மாற்றிவிடும். முகத்தில் உள்ள சிரிப்பு, அழுகையாக மாறினாலும் கேட்பதற்கு இல்லை.

ஓவியத்துக்கும் அச்சுக்கும் நடுவே இன்னொருவர் கை புகுந்ததுதான் வினை. அந்தக் கை இல்லாமல் ஓவியத்தை அப்படியே காகிதத்தில் இறக்க முடியுமா?

முடியும் என்று மேல்நாட்டார் அப்போதுதான் காட்டியிருந்தார்கள். ஓவியத்தைப் புகைப்படம் பிடித்து, அந்தப் புகைப்படத்தில் இருந்தே செப்புத் தகட்டில் 'பிளாக்' எடுக்கும் முறை அது. அதற்கு 'ஆப்டோன்' என்று பெயர். ஜெர்மனியில் மைசன்பாக் என்பவர் 1882-ம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஐவ்ஸ் என்பவரும், லெவி சகோதரர்களும் இதை மேலும் திருத்தினார்கள்.

கோலப் புள்ளி போல

அச்சு மையில் கறுப்பு உண்டு. சாம்பல் நிறம் கிடையாது. அப்படி இருக்க, படத்தில் நிழலும் வெளிச்சமும் எப்படி வருகின்றன?

இந்தப் பத்திரிகையில் உள்ள ஒரு படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். படம் முழுவதும் புள்ளிகளாகத் தெரியும். வாசலில் கோலம் போடும்போது வைப்பார்களே, அது போல வரிசையான புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஒன்றுதான். ஆனால் புள்ளியின் அளவு ஒன்று அல்ல. தலைமுடி போன்ற இருண்ட இடத்தில் புள்ளி பெரிதாக இருக்கும். நெற்றி போன்ற வெளுத்த இடத்தில் ஊசி முனை அளவுதான் இருக்கும். தள்ளி வைத்துப் பார்க்கும்போது, புள்ளிகள் மறைந்து நிழலும் வெளிச்சமும் தெரிகின்றன.

ஓசூரை அடுத்த பேரிகையில் ஒரு பெட்டிக்கடையில் தொங்கும் காலண்டரைப் பார்த்தாலும் இதே கதைதான். அதில் உள்ள சாமி படமும் புள்ளிகளால் ஆனதே.

இந்தப் புள்ளிகளை உண்டாக்க ஒரு கண்ணாடித் திரை வேண்டும். ஒரு கண்ணாடியில் மிக நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள் இழுப்பார்கள். மற்றொரு கண்ணாடியிலும் அதே போல இழுத்து, இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து ஒட்டுவார்கள். பார்வைக்குக் கொசுவலை மாதிரி இருக்கும். ஆனால் அதைவிடப் பல மடங்கு நெருக்கம். பத்திரிகைப் படத்துக்கு ஓர் அங்குலத்தில் 60, 65 கோடுகள் போதும். உயர்ந்த காகிதத்தில் ஓவியம் அச்சிட வேண்டுமானால் 133, 150 கோடுகள் வேண்டும்.

புகைப்படம் எடுக்கும்போது பிளேட்டுக்குச் சற்று முன்னால் இந்தத் திரையை வைப்பார்கள். வெளிச்சம் சல்லடையில் புகுவது போல அதில் புகுந்து, புள்ளி புள்ளியாக விழும்.

பிறகு, வெளிச்சம் பட்டால் கெட்டியாகும் பசையைச் செப்புத் தகட்டில் பூசி, புள்ளிப் படத்தை அதில் ஏற்றுவார்கள். தகட்டைத் திராவகத்தில் இட்டால், பசை இல்லாத இடம் அரித்துப் பள்ளமாகும். புள்ளிகள் மட்டும் மேடாக நிற்கும். மேட்டில் மை தடவி அச்சிட வேண்டியதுதான்.

பெட்டி பெட்டியாக வந்த சாமான்கள்

சொல்வது சுலபம். செய்வது கஷ்டம்.

உபேந்திரகிஷோருக்கு இதைக் கற்றுக்கொடுக்க அங்கே ஆசான் யாரும் இல்லை. அவர் புத்தகங்களை வரவழைத்துத் தாமே படித்தார். தம் கைப் பணத்தைப் போட்டு, லண்டனில் உள்ள பென்ரோஸ் கம்பெனியில் இருந்து காமிராவும் கண்ணாடித் திரையும் ரசாயனங்களும் தருவித்தார்.

1895-ம் ஆண்டு கல்கத்தாவில் சிவநாராயண் தாஸ் சந்தில் ஒரு வாடகை வீட்டில் 'யு. ராய்' என்ற பெயரில் தொழில் தொடங்கினார். வசிப்பதும் அங்கேதான், வேலை செய்வதும் அங்கேதான். ஒரு பக்கம் குழந்தைகள் விளையாடும். ஒரு பக்கம் தகப்பனார் இருட்டறையில் பிளேட் கழுவுவார்.

ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை, பி.ஏ. படித்தவர், கையில் மையும் திராவகமும் பட வேலை செய்வது அந்நாளில் சாதாரண விஷயம் அல்ல. நிலத்தில் வரும் குத்தகைப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் சுகமாக இருந்திருக்கலாம். சர்க்கார் உத்தியோகத்துக்கும் போயிருக்கலாம். இரண்டையும் அவர் நாடவில்லை.

ஊகம் போய் கணக்கு வந்தது

கண்ணாடித் திரையில் ஒரு சிக்கல் இருந்தது.

திரையைப் பிளேட்டில் இருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது? கொஞ்சம் கிட்டே போனாலும் படம் கெடும். கொஞ்சம் விலகினாலும் கெடும். காமிராவில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு மாறினால், இந்தத் தூரமும் மாறும். சீமையில் கூடத் தொழிலாளிகள் பெரும்பாலும் கை அனுபவத்தால் ஊகித்துத்தான் திரையை வைத்தார்கள். சில சமயம் படம் நன்றாக வரும். சில சமயம் வராது. காரணம் தெரியாது.

உபேந்திரகிஷோர் காரணத்தைத் தேடினார். ஒளி எப்படிப் பரவுகிறது, புள்ளி எப்படி உண்டாகிறது என்று கணித முறையில் ஆராய்ந்தார். துவாரம் இவ்வளவு, கோடு இவ்வளவு என்றால் தூரம் இவ்வளவு என்று கணக்காகச் சொல்ல வழி கண்டார்.

கண்டதை அவர் தொழில் ரகசியமாகப் பூட்டி வைக்கவில்லை. பென்ரோஸ் கம்பெனி லண்டனில் ஓர் ஆண்டு மலர் வெளியிட்டு வந்தது. உலகம் முழுவதும் அச்சுத் தொழிலில் உள்ளவர்கள் படிக்கும் மலர் அது. அதில் 1897-ம் ஆண்டு முதல் அவருடைய கட்டுரைகள் வெளிவரத் தொடங்கின. திரையைச் சரியான தூரத்தில் வைப்பது பற்றி முதலில் எழுதினார். அடுத்து 1898-ல், புள்ளி உண்டாகும் தத்துவத்தை விளக்கினார்.

திரையில் கோடுகள் சதுரமாகத்தான் வெட்டிக்கொள்ள வேண்டுமா, 60 டிகிரி சாய்வாக வெட்டிக்கொண்டால் என்ன என்று பின்னர் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். ஒரே துவாரத்துக்குப் பதிலாகப் பல துவாரங்கள் வைப்பது பற்றி 1911-12-ம் ஆண்டு மலரில் எழுதினார்.

அந்த ஆண்டு மலரின் ஆசிரியர் வில்லியம் காம்பிள் என்ற ஆங்கிலேயர். இந்தத் தொழில் வளர்ந்த நகரங்களுக்கு எத்தனையோ ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கும் ஒருவர், ஐரோப்பியர்களையும் அமெரிக்கர்களையும் மிஞ்சும்படி சுயமாகச் சிந்திக்கிறாரே என்று அந்த மலர் அவரைப் பாராட்டியது. அப்போது இந்தியாவை ஆண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். சிந்திப்பது தங்கள் வேலை, வாங்கிப் பழகுவது இந்தியர் வேலை என்று பலரும் எண்ணிய காலம். அந்தக் காலத்தில் ஓர் இந்தியர் எழுதியதை லண்டன் தொழிலாளிகள் பாடமாகப் படித்தார்கள்.

அரண்மனைச் சித்திரம் வீட்டுக்கு வந்தது

உபேந்திரகிஷோரின் உழைப்பால் யாருக்கு லாபம்?

பெரிய ஓவியர்களின் சித்திரங்கள் அரண்மனைகளிலும் பணக்காரர் மாளிகைகளிலும் இருந்தன. சாதாரண ஜனங்கள் அவற்றைப் பார்ப்பது அரிது. திருவிதாங்கூர் கிளிமானூரைச் சேர்ந்த ராஜா ரவிவர்மா, பம்பாயில் அச்சுக்கூடம் வைத்துத் தம் படங்களைக் கல்லில் அச்சிட்டு விற்றார். அவை சுவரில் மாட்டும் படங்கள். புத்தகத்துக்குள்ளும் பத்திரிகைக்குள்ளும் நல்ல ஓவியத்தைக் கொண்டுவருவதற்கு 'ஆப்டோன்' முறைதான் வழி வகுத்தது.

ராமானந்த சட்டர்ஜி என்ற அறிஞர் 1901-ம் ஆண்டு அலகாபாத்தில் 'பிரபாசி' என்ற வங்காளி மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். 1907-ல் 'மாடர்ன் ரிவியூ' என்ற ஆங்கிலப் பத்திரிகையையும் ஆரம்பித்தார். இந்திய ஓவியங்களை வண்ணத்தில் வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு வேண்டிய பிளாக்குகளைச் செய்து கொடுத்தவர் உபேந்திரகிஷோர்.

வண்ணப் படம் என்றால் வேலை மூன்று மடங்கு. ஒரே ஓவியத்தை மூன்று முறை புகைப்படம் எடுக்க வேண்டும். மஞ்சளுக்கு ஒரு பிளாக், சிவப்புக்கு ஒரு பிளாக், நீலத்துக்கு ஒரு பிளாக். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். இம்மி பிசகினாலும் படம் கலங்கிவிடும்.

அவனீந்திரநாத் தாகூர் முதலிய ஓவியர்களின் சித்திரங்கள் இந்தப் பத்திரிகைகளின் வழியாகத்தான் நாடு முழுவதும் பரவின. ஓவியக் கண்காட்சியைக் கண்ணால் காணாதவர்களும் தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அவற்றைப் பார்த்தார்கள்.

'சந்தேஷ்' பத்திரிகை

தொழில் வளர்ந்தது. பிற்பாடு 'யு. ராய் அண்டு சன்ஸ்' என்று பெயர் மாறியது. மூத்த மகன் சுகுமார் 1911-ம் ஆண்டு உபகாரச் சம்பளம் பெற்று, அச்சுத் தொழில் படிக்க இங்கிலாந்து போனார். லண்டனிலும் மான்செஸ்டரிலும் படித்துவிட்டு 1913-ல் திரும்பினார்.

இதற்கிடையே உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. மனிதன் தோன்றுவதற்கு முன் பூமியில் வாழ்ந்த பிராணிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கிழக்கு வங்காளத்துக் கிராமங்களில், அந்தி நேரத்தில் குழந்தைகள் தூங்கிவிடாமல் இருக்கப் பெண்கள் சொல்லும் கதைகளைத் திரட்டி இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் தையல் சிட்டுக்குருவி ராஜாவையே ஏய்க்கும். இந்தக் கதைகளை வங்காளக் குழந்தைகள் இன்றும் படிக்கிறார்கள்.

1913-ம் ஆண்டு, வங்காள வருஷப் பிறப்பு மாதத்தில், அவர் தம் நீண்ட நாள் கனவை நிறைவேற்றினார். 'சந்தேஷ்' என்ற சிறுவர் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். வங்காளியில் சந்தேஷ் என்றால் செய்தி என்று ஒரு பொருள். பாலில் செய்யும் தித்திப்புப் பண்டம் என்று இன்னொரு பொருள். பத்திரிகையும் அப்படியே இருந்தது. கதை, பாட்டு, விஞ்ஞானம், விடுகதை எல்லாம் கலந்து தித்தித்தது.

கதை எழுதியவர் அவர். படம் வரைந்தவர் அவர். பிளாக் எடுத்தவர் அவர். அச்சிட்டு வெளியிட்டவரும் அவரே. ஓவியரின் கைக்கும் குழந்தையின் கண்ணுக்கும் நடுவே படத்தைக் கெடுக்க இப்போது யாரும் இல்லை.

ஊரார் விரட்டிய இரண்டு கிராமத்து வாத்தியக்காரர்களுக்குப் பேய்கள் வரம் கொடுக்கும் கதையை அவர் இந்தப் பத்திரிகையில்தான் எழுதினார். 'கூப்பி, பாகா' கதை என்றால் வங்காளத்தில் தெரியாதவர் கிடையாது.

1914-ம் ஆண்டு கார்பார் ரோட்டில் 100-ம் எண்ணில் சொந்தக் கட்டிடத்துக்குக் குடியேறினார். அச்சுக்கூடமும் வீடும் ஒரே இடத்தில் அமைந்தன.

52 வயதில் மரணம்

அந்தச் சுகத்தை அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. அவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. அந்த நோயைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1921-ம் ஆண்டில்தான். 1915-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி உபேந்திரகிஷோர் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

மகன் சுகுமார் பத்திரிகையையும் அச்சுக்கூடத்தையும் ஏற்று நடத்தினார். வங்காளத்தின் இணையற்ற வேடிக்கைப் பாடல்களை எழுதியவர் அவர். ஆனால் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் அவரைப் பிடித்தது. 1923-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவரும் இறந்தார். வயது 35.

அதன் பிறகு சில ஆண்டுகளில் கம்பெனி நொடித்துப் போனது. வீடு கைவிட்டுப் போனது. சுகுமாரின் மனைவி சுப்ரபா தம் ஒரே மகனைக் கூட்டிக்கொண்டு சகோதரர் வீட்டுக்குப் போனார். அந்தச் சிறுவன்தான் சத்தியஜித் ராய்.

பேரன் மீட்ட செல்வம்

பாட்டனாரின் இயந்திரங்கள் பேரனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய கை கிடைத்தது. சத்தியஜித் ராய் சினிமாவுக்கு வருமுன் புத்தக அட்டைகளுக்குப் படம் வரைந்தார். நின்றுபோன 'சந்தேஷ்' பத்திரிகையை 1961-ம் ஆண்டு நண்பரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கினார். பாட்டனார் எழுதிய கூப்பி, பாகா கதையை 1969-ல் சினிமாப் படமாக எடுத்தார். பாட்டனாரைக் கண்ணால் பார்க்காத பேரன் செய்த மரியாதை அது.

செப்புத் தகட்டு பிளாக்குகளின் காலம் முடிந்துவிட்டது. இப்போது புள்ளிகளைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. திரையைக் கையால் நகர்த்தி வைக்கும் வேலை இல்லை. ஆனால் காகிதத்தில் படம் இன்றும் புள்ளியாகத்தான் விழுகிறது. அந்தப் புள்ளியை ஊகத்துக்கு விடாமல் கணக்குக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் உபேந்திரகிஷோர்.

குழந்தைகளுக்குத்தானே, எப்படி இருந்தால் என்ன என்று அவர் நினைத்திருந்தால், அந்த ராமாயணப் படங்களோடு விஷயம் முடிந்திருக்கும். குழந்தைகளுக்குக் கொடுப்பது குறை இல்லாததாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்காக 20 ஆண்டுகள் உழைத்தார்.